பிள்ளையின் கணக்கை யார் பார்ப்பது?

வழக்கமாக இப்பக்கங்களில் விரதங்களின் மகிமை பற்றியோ, தமிழ்ப்பள்ளி பற்றியோ எழுதி வந்திருக்கிறேன். இம்முறை நம் அறநிலையத்தின் அறப்பணியோடு நேராகத் தொடர்புடைய ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். பெற்றோரைப் பிரிந்து இல்லங்களில் வளரும் பிள்ளைகளைப் பற்றியது இது. குறிப்பாக, அப்பிள்ளைகளுக்காகப் போடப்படும் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது யார் என்பதைப் பற்றியது.

முதலில் நமக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஆண்டுதோறும் நம் ஆலயப் பொதுக்கூட்டத்தில் இரண்டு கணக்குப் பரிசோதகர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். அவர்கள் செயலவையில் பொறுப்பு வகிக்கக் கூடாது. பொருளாளர் நேர்மையற்றவர் என்பதா இதற்குக் காரணம்? இல்லை. எவ்வளவு நல்லவரானாலும் தம் கணக்கைத் தாமே சரிபார்த்துக் கையெழுத்திடுவது முறையாகாது என்பதே காரணம். பள்ளிக்கூடத்திலும் அரசாங்கத் தேர்வின் விடைத்தாளைச் சொந்த ஆசிரியர் திருத்துவதில்லை. உண்டியல் பணத்துக்கு இவ்வளவு கட்டுக்காவல் வைத்திருக்கும் நாம், ஒரு பிள்ளையின் வாழ்க்கைக் கணக்கைப் பார்க்க ஆள் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறோமா?

நான் கேட்டதில்லை. அதைக் கேட்க வைத்தவன் என் மாணவன் ஒருவன்.

மறக்க முடியாத ஒரு மாணவன்

2004-ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியர். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் தங்கை அதே பள்ளியில் இரண்டாம் ஆண்டு. தாய் இறந்துவிட்டார். தகப்பன் வீட்டுக்கு வருவதில்லை. ஒரு நாள் அதிகாரிகள் வந்து இருவரையும் அழைத்துச் சென்றார்கள். அது தேவையான காரியம்தான். பிள்ளைகள் பட்டினியாகக் கிடந்தார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று பையனிடம் சொன்னதாக நினைவு. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக "மாற்றலாகிச் சென்றார்" என்று எழுதிக் கோடு போட்டேன். என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

2012-இல் எங்கள் ஆலயத் திருவிழாவின்போது ஓர் இளைஞன் வந்து என் காலைத் தொட்டு வணங்கினான். அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னான். அடுத்து அவன் கேட்ட கேள்வி இதுதான்: "சார், என் தங்கச்சி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணனை ஓர் இல்லத்திலும் தங்கையை வேறோர் இல்லத்திலும் வைத்திருக்கிறார்கள். ஆண் பிள்ளைக்கு ஓரிடம், பெண் பிள்ளைக்கு ஓரிடம் என்று அன்று இடம் கிடைத்தபடி பிரித்தது. பிறகு யாரும் சேர்த்து வைக்கவில்லை. இல்லத்தில் உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை, அடி உதையும் இல்லை என்று அவனே சொன்னான். "ஆனா ஏழு வருஷத்துல ஒருத்தர்கூட என்னைத் தனியா உக்கார வச்சு, உனக்கு என்னப்பா வேணும்னு கேட்டதில்ல சார்" என்றான். முதல் ஆணையின் காலம் முடிந்த பிறகு எந்தத் தாளின்பேரில் அங்கேயே இருந்தான் என்பதும் அவனுக்குத் தெரியாது.

தேடினோம். தங்கை இருந்த இல்லம் அவன் இருந்த இடத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எட்டு ஆண்டுகள் கழித்துச் சந்தித்தபோது அந்தப் பெண் தமிழில் பேசத் தயங்கினாள். அண்ணனிடம் மலாயில்தான் பேசினாள். கேரித் தீவில் ஒரு தாய்மாமன் இருந்தார். அவரையும் கண்டோம். "என்னைக் கேட்டிருந்தா நான் வந்து நின்னிருப்பேன் சார். எங்க போயி யாரைக் கேக்கறதுன்னுதான் எனக்குத் தெரியல" என்று அழுதார்.

இதில் கெட்டவர் என்று எவரையும் நான் சுட்டவில்லை. அதிகாரி காப்பாற்றினார். இல்லம் சோறு போட்டது. ஆசிரியர் பதிவேட்டில் எழுதினார். ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்தோம். பிள்ளையின் முழுக் கணக்கையும் ஒரு சேரப் பார்த்தவர் மட்டும் எவருமில்லை.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

1990-இல் தலைநகரில் இரண்டு வயதுள்ள நம் இனக் குழந்தை ஒன்று கொடுமைக்குள்ளாகி இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அதன் பின் 1991-இல் சிறார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு அதையும் வேறிரு பழைய சட்டங்களையும் ஒன்றாக்கி 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் இயற்றப்பட்டு, 2002 ஆகஸ்டு முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 2016-இல் அது திருத்தப்பட்டது.

இச்சட்டத்தின்படி, சமூகநல இலாகாவின் அதிகாரி "பாதுகாவலர்" என்ற பொறுப்பில் இயங்குகிறார். ஆபத்தில் இருக்கும் பிள்ளையை அவர் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கலாம். எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். அங்கே மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளையின் குடும்பப் பின்னணி, நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நலம் ஆகியவற்றைக் கொண்ட அறிக்கையைப் பாதுகாவலர் தாக்கல் செய்வார். அதைப் பார்த்த பின்னரே நீதிமன்றம் முடிவு செய்யும்.

முடிவு பலவிதமாக இருக்கலாம். பெற்றோரிடமே விட்டு மேற்பார்வை வைக்கலாம். தகுதியும் நல்லொழுக்கமும் உள்ள ஒருவரிடம் ஒப்படைக்கலாம்; அவர் தாய்மாமனாகவோ சித்தியாகவோ இருக்கலாம். வளர்ப்புப் பெற்றோரிடம் கொடுக்கலாம். அல்லது பாதுகாப்பு இல்லத்தில் மூன்றாண்டுகளுக்கோ, 18 வயது நிரம்பும்வரையோ, இவற்றில் எது முந்தியதோ அதுவரை வைக்கலாம்.

இன்னொரு முக்கியமான விதியும் உண்டு. பாதுகாவலர், இல்லப் பொறுப்பாளர், பெற்றோர் அல்லது காப்பாளர், ஏன், அந்தப் பிள்ளையே கூட, சூழ்நிலை மாறிவிட்டது என்று நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து ஆணையை மாற்றவோ நீக்கவோ கோரலாம். நல்ல விதிதான். ஆனால் பதினோரு வயதுப் பிள்ளைக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதை யார் சொல்வது? விண்ணப்பத்தை யார் எழுதிக் கொடுப்பது? கதவு திறந்திருந்தாலும், அங்கே கதவு இருக்கிறது என்று தெரிந்தால்தானே நடந்து போக முடியும்!

இல்லத்தைப் பார்ப்பது வேறு, பிள்ளையைப் பார்ப்பது வேறு

"ஏன், அரசாங்கம் இல்லங்களைச் சோதிக்கவில்லையா?" என்று அன்பர்கள் கேட்கலாம். சோதிக்கிறது. 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கியிருக்கும் மையம் சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். பாதுகாப்பு இல்லங்களுக்கு வருகையாளர் வாரியம் அமைக்கவும் சிறார் சட்டம் இடமளிக்கிறது. 2019-இல் மனித உரிமை ஆணையமான சுஹாக்காமில் முதன்முறையாகச் சிறார் ஆணையர் நியமிக்கப்பட்டார். இவையெல்லாம் தேவையானவை.

ஆனால் சோதனைக்கு வருபவர் பார்ப்பது கட்டடத்தை. படுக்கைகள் போதுமா, தீயணைப்புக் கருவி உண்டா, சமையலறை சுத்தமா, பதிவேடு சரியா என்று பார்ப்பார். என் மாணவன் இருந்த இல்லம் இச்சோதனைகளில் எல்லாம் தேறியிருக்கும். அவன் தங்கை எங்கே என்ற கேள்வி அந்தப் பாரத்தில் இல்லை. அது ஒவ்வொரு பிள்ளையின் பராமரிப்புத் திட்டத்தில் இருக்க வேண்டிய கேள்வி. ஏன் இங்கே வந்தது, எவ்வளவு காலத்துக்கு, திரும்பிப் போக என்ன நடக்க வேண்டும், அதை யார் செய்வது, உடன்பிறப்பை எப்போது பார்ப்பது, எந்தப் பள்ளி, எந்த மருந்து, பிறப்புப் பத்திரம் எங்கே, 12 வயதில் அடையாளக் கார்டு எடுத்தாயிற்றா, 18 வயதில் எங்கே போகும்? இவ்வளவும் எழுதப்பட்டு, குறித்த காலத்தில் ஒருவர் வந்து "செய்தீர்களா?" என்று கேட்க வேண்டும். கேட்பவர் அந்தத் திட்டத்தைப் போட்டவராக இருக்கக் கூடாது. இதுவே சுயேச்சையான மேற்பார்வை என்பதன் சாரம்.

இது நானாகச் சொல்லும் புதுமை அன்று. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 1989-ஆம் ஆண்டுச் சிறார் உரிமை உடன்படிக்கையின் 25-ஆம் விதி, அதிகாரிகளால் வேறிடத்தில் வைக்கப்பட்ட பிள்ளைக்குத் தன் நிலைமை காலந்தோறும் மறு ஆய்வு செய்யப்படும் உரிமை உண்டு என்கிறது. 12-ஆம் விதி, பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. 20-ஆம் விதி, பிள்ளையின் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கருத வேண்டும் என்கிறது. மலேசியா 1995-இல் இவ்வுடன்படிக்கையை ஏற்றது. சில விதிகளுக்கு நாடு விலக்குக் கோரியிருந்தாலும் இம்மூன்றும் அவற்றில் இல்லை. 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டிக் குறிப்புகள், தற்காலிகமாக வைக்கப்பட்ட பிள்ளையின் நிலையை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பார்ப்பது நல்லது என்கின்றன.

மற்ற நாடுகளில் எப்படி?

இங்கிலாந்தில் நீதிமன்றம் பிள்ளையை உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால், பிறகு திட்டம் நடக்கிறதா என்று பார்க்க நீதிபதிக்கு அதிகாரமில்லை. இந்த ஓட்டை 2002-இல் அந்நாட்டு உச்ச நீதி பீடத்தின் முன் வந்த வழக்கில் நன்கு வெளிப்பட்டது. அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் வழி "சுயேச்சை மீளாய்வு அதிகாரி" என்ற பதவி உருவாகி, 2004 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மன்றத்தின் பராமரிப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒருவர் உண்டு. அனுபவமுள்ள சமூகநல அதிகாரியாக இருக்க வேண்டும். ஆனால் அப்பிள்ளையின் வழக்கை நடத்துபவராகவோ அதற்குப் பணம் ஒதுக்குபவராகவோ இருக்கக் கூடாது. முதல் மீளாய்வு 20 வேலை நாட்களுக்குள். அடுத்தது மூன்று மாதத்துக்குள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது. கூட்டத்துக்கு முன் அவர் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். திட்டம் நடக்கவில்லை என்றால் மேலிடத்துக்குக் கொண்டு போகலாம்; அங்கும் தீராவிட்டால் குடும்ப நீதிமன்றச் சேவை அமைப்பின் மூலம் நீதிமன்றம்வரை போகலாம்.

அப்படியானால் அங்கே குறையே இல்லையா? உண்டு. இந்த அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே உள்ளூராட்சி மன்றம்தான். சம்பளம் தருபவரை எதிர்த்துப் பேசுவது எளிதன்று. 2012-இல் லங்காஷர் வட்டாரம் சம்பந்தப்பட்ட ஒரு தீர்ப்பு இதை அம்பலப்படுத்தியது. பச்சிளம் வயதில் எடுக்கப்பட்ட இரண்டு சகோதரர்களைத் தத்துக் கொடுக்கவென்று சட்டப்படி பெற்றோரிடமிருந்து விடுவித்தார்கள். தத்து எடுக்க ஆள் கிடைக்கவில்லை. சொந்தக் குடும்பமும் இல்லை, புதுக் குடும்பமும் இல்லை என்ற நிலையில் பல ஆண்டுகள் வீடு வீடாக மாற்றப்பட்டார்கள். மீளாய்வுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நடந்து என்ன பயன்? குறிப்பெழுதி மூடினார்கள். மன்றமும் மீளாய்வு அதிகாரியும் அப்பிள்ளைகளின் உரிமையை மீறினர் என்று நீதிபதி அறிவித்தார். ஓர் அதிகாரிக்கு 50 முதல் 70 பிள்ளைகள்வரை போதும் என்று கையேடு சொல்ல, அவர் கையில் இருந்தவை அதைவிட மிக அதிகம். எண்ணிக்கை கூடினால் மேற்பார்வை வெறும் சடங்காகிவிடும் என்பது நமக்குப் பாடம். ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பாடம் நடத்திய எந்த ஆசிரியருக்கும் இது புரியும்.

தமிழகத்தின் பக்கம் திரும்புவோம். மகாபலிபுரம் பகுதி அனாதை இல்லங்களில் பிள்ளைகள் படும் துன்பம் பற்றி 2007-இல் நாளிதழில் வந்த கட்டுரை, இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்கானது. பத்தாண்டுகள் நடந்த அவ்வழக்கில் 2017 மே 5-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இல்லங்கள் அனைத்தும் ஆண்டு முடிவுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும். சமூகத் தணிக்கை வேண்டும் என்றெல்லாம் நீதிமன்றம் கட்டளையிட்டது. அந்நாட்டின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவர் ஒருவரும் பெண் ஒருவரும் அடங்கிய ஆய்வுக்குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இல்லங்களுக்குச் செல்ல வேண்டும் என்கிறது. சட்டம் இருந்தும் 2018-இல் பீகார் மாநிலம் முசாபர்பூரில் ஓர் இல்லத்துச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமை, வெளியிலிருந்து வந்த ஒரு கல்வி நிலையத்தின் சமூகத் தணிக்கையால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் சுவரைப் பார்க்கவில்லை; பிள்ளைகளிடம் பேசினார்கள்.

நம் நாட்டில் 2024 செப்டம்பர் 11-ஆம் தேதி சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் போலீஸ் சோதனை நடத்தி 402 பிள்ளைகளை மீட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்விவகாரத்தில் இன்னொரு உண்மை தெரிந்தது. நீதிமன்ற ஆணையின்றிப் பெற்றோரே கொண்டுவந்து விட்ட பிள்ளைகளை மேற்பார்வை இன்னும் குறைவாகவே எட்டுகிறது. நம் சமூகத்திலும் கணவனை இழந்த தாயோ வேலைக்குப் போகும் பாட்டியோ பிள்ளையை ஓர் இல்லத்தில் விடுவது சகஜம். அப்படி விட்ட பிள்ளைக்கு ஆணையும் இல்லை. ஆணை முடியும் தேதியும் இல்லை.

நம் நாட்டுச் சிறார் சட்டம், வழக்கை நடத்தாத ஒரு தனி அதிகாரியை ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் குறித்து ஏற்படுத்தவில்லை. அது வர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. வந்தால் இலாகாவின் சம்பளப் பட்டியலுக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்பதும், கையில் அடங்கும் எண்ணிக்கையில் பிள்ளைகளைக் கொடுக்க வேண்டும் என்பதும் என் தாழ்மையான கருத்து.

ஆலயம் என்ன செய்யலாம்?

சட்டம் வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அன்னை மங்களம் அம்மையார், சுவாமி சத்தியானந்தா தோற்றுவித்த சுத்த சமாஜத்தில் பெற்றோரற்ற பிள்ளைகளுக்காகத் தம் வாழ்நாளையே கொடுத்து 2023-இல் மறைந்தார். அவ்வளவு பெரிய தொண்டு நமக்கு இயலாமற் போகலாம். சிறியவை இயலும்.

முதலாவது, இல்லங்களுக்கு நாம் செல்லும் முறை. தீபாவளிக்கு முந்தின வாரம் இல்லத்து வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். மதிய உணவு ஒரே நாளில் மூன்று பேர் கொண்டு வருவார்கள். மாசி மாதத்தில் எட்டிப் பார்க்க ஆளிருக்காது. அன்னதானம் புண்ணியம்தான். அதோடு ஆண்டு முழுவதும் மாதமொரு முறை, அதே இரண்டு பேர், அதே பிள்ளைகளைப் பார்க்கச் சென்றால், பிள்ளை மெல்ல வாய் திறக்கும். இல்லப் பொறுப்பாளரின் அனுமதியோடு, முறைப்படி செல்ல வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, கேட்க வேண்டிய கேள்விகள். பொறுப்பாளரிடம் பணிவாகக் கேளுங்கள்: இப்பிள்ளைகளின் திட்டம் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது? உடன்பிறந்தவர்கள் எங்கே? பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? 18 வயதுக்குப் பிறகு என்ன ஏற்பாடு? நல்ல இல்லம் இக்கேள்விகளால் கோபப்படாது. உதவிக்கு ஆள் வந்ததென்று மகிழும்.

மூன்றாவது, உறவினர்கள். உங்கள் சகோதரியின் பிள்ளையை அதிகாரிகள் எடுத்துச் சென்றிருந்தால் ஒதுங்கி நிற்காதீர்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குச் சென்று, "நான் வளர்க்கத் தயார்" என்று எழுத்தில் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் ஆலய அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதித் தருகிறோம், கூடவும் வருகிறோம். பிறர் பிள்ளையைத் தம் பராமரிப்பில் எடுத்துக்கொள்பவர், சட்டத்திலுள்ள சில விலக்குகள் தவிர, ஒரு வாரத்துக்குள் பாதுகாவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

நான்காவது, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "மாற்றலாகிச் சென்றார்" என்று எழுதும் முன், எங்கே, யாருடன், உடன்பிறப்பு சேர்ந்தே போகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் செய்யத் தவறியது அது.

ஐந்தாவது, படம். பாதுகாப்பில் உள்ள பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, புகைப்படம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்று சிறார் சட்டம் தடுக்கிறது. கடந்த காலத்தில் நம் மலரிலேயே அரிசி மூட்டையோடு பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் போட்டிருக்கிறோம். அறியாமல் செய்தது. இம்மலரில் அப்படி ஒரு படமும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இனியும் இராது.

ஆபத்தில் உள்ள பிள்ளையைப் பற்றித் தெரிந்தால் 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மாதாந்திர வருகைக்கு ஒரு சிறு குழு அமைக்கும் யோசனையை வரும் பொதுக்கூட்டத்தில் முன்வைக்க இருக்கிறேன். விருப்பமுள்ள தாய்மார்களும் ஓய்வு பெற்றவர்களும் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.

என் மாணவன் இன்று கிள்ளானில் லாரி ஓட்டுகிறான். தங்கை அவன் வீட்டில்தான் சில காலம் இருந்து, பிறகு திருமணமாகிச் சென்றாள். திருவிழாவுக்கு இருவரும் வருகிறார்கள். அவள் இப்போது தமிழில் பேசுகிறாள். சில சொற்களுக்கு அண்ணன் முகத்தைப் பார்ப்பாள், அவன் எடுத்துக் கொடுப்பான். இழந்த எட்டு ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர முடியாது. அடுத்த பிள்ளைக்கு அப்படி நேராமல் பார்க்கலாம்.

உண்டியலைத் திறக்கும்போது இரண்டு பேர் உடன் நின்று எண்ணுகிறோம். பிள்ளைகளை எண்ணும்போதும் அவ்வாறே உடன் நிற்போமாக. எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் துணை புரிவாராக.